சிறு சரக்கு வண்டியில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் பொருத்தும் முறை

காய்கறி, நெல் மூட்டை, உரம், கால்நடைத் தீவனம் ஆகியவற்றை ஏற்றிச் செல்ல சிறு சரக்கு வண்டி வைத்திருக்கும் உழவர்கள் இன்று பலர். அதே வீட்டில் டிராக்டர், டிரெய்லர், பவர் டில்லர், டயர் வண்டி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றும் இருக்கும். அறுவடைக் காலத்தில் வயலில் நிற்கும் டிரெய்லரின் டயரில் காற்று இறங்கிவிட்டால், சக்கரத்தைக் கழற்றி பஞ்சர் கடைக்குக் கொண்டுசென்று திரும்ப அரை நாள் ஆகிவிடும். அதுவரை ஆட்கள் காத்திருக்க வேண்டும். மழை வந்தால் நெல்லும் நனையும். வண்டியின் பேட்டரியில் இயங்கும் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்றைச் சரக்கு வண்டியில் பொருத்திக்கொண்டால் இந்தத் தொல்லையைத் தவிர்க்கலாம். ஆனால் ஒயர் இணைப்பைச் சரியாகச் செய்யாவிட்டால் வண்டி தீப்பற்றும் ஆபத்து உண்டு. ஆகவே செய்யும் முறையை அறிந்து செய்வது அவசியம்.

யாருக்குத் தேவை?

மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கால் பம்பே போதும். ஒரு டிராக்டர் மட்டும் உள்ளவர்கள், பேட்டரி முனைகளில் கவ்வி மாட்டி இயக்கும் கையடக்கக் கம்ப்ரஸரை வாங்கி, வேலை முடிந்ததும் எடுத்து வைத்துவிடலாம். வண்டியில் நிலையாகப் பொருத்துவது, பல வண்டிகளுக்கு அடிக்கடி காற்றடிக்க வேண்டியவர்களுக்கும், நான்கைந்து உழவர்கள் சேர்ந்து பொதுவில் வைத்துக்கொள்வோருக்கும் ஏற்றது.

எந்த அளவு வாங்கலாம்?

டிராக்டரின் பெரிய பின் டயர் ஒன்றின் உள்ளே சுமார் 200 லிட்டர் இடம் உண்டு. முற்றிலும் இறங்கிய டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் ஏற்ற, ஏறத்தாழ 200 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். நிமிடத்திற்கு 40 லிட்டர் தரும் கம்ப்ரஸருக்கு இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அழுத்தம் ஏற ஏறக் காற்றின் அளவு குறைவதால் இன்னும் சற்றுக் கூடுதலாகவே ஆகும்.

விலைச் சீட்டில் போட்டிருக்கும் உச்ச அழுத்தத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. நிமிடத்திற்கு எத்தனை லிட்டர், எத்தனை ஆம்பியர் மின்சாரம் எடுக்கும், தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓடலாம் என்ற மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். 33 சதவீத ஓட்டம் என்று இருந்தால், 10 நிமிடம் ஓட்டிய பிறகு 20 நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று பொருள். ஓய்வின்றி ஓட்டினால் மோட்டார் கருகிவிடும்.

பொருத்தும் இடம்

எஞ்சினுக்கு அருகில் வெப்பம் அதிகம். தரைக்குக் கீழே சேறும் தண்ணீரும் தெறிக்கும். ஆகவே இவ்விரண்டு இடங்களும் உகந்தவை அல்ல. சரக்குப் பகுதியின் முன்புறம், ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டி, மூடியும் காற்றுத் துளைகளும் உள்ள இரும்புப் பெட்டியில் வைப்பது நல்லது. வைக்கோல், சாக்கு, உமி முதலியவை பெட்டியில் படாமல் இருக்க வேண்டும். ஓடும்போது கம்ப்ரஸரின் தலைப்பகுதி கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும்.

எண்ணெய் ஊற்றும் வகையானால் நிமிர்ந்த நிலையில்தான் பொருத்த வேண்டும். துளையிடும் முன் அடியில் டீசல் டேங்க், பிரேக் குழாய், ஒயர்கள் உள்ளனவா என்று குனிந்து பார்க்க வேண்டும். வண்டியின் சேசிஸ் சட்டத்தில் துளையிடவோ பற்றவைக்கவோ கூடாது. அதன் வலிமை குறையும். தளத்தகட்டின் அடியில் 5 மி.மீ. தகடு ஒன்றைக் கொடுத்து, நான்கு போல்ட்டுகளால் இறுக்கவும். இடையில் ரப்பர் புஷ் வைத்தால் அதிர்வு குறையும். தானாகக் கழலாத நைலான் நட்டுகளையே பயன்படுத்தவும்.

ஒயரின் கனம்

பெரும்பாலான தவறுகள் நேர்வது இங்கேதான். டேஷ்போர்டில் உள்ள சிகரெட் லைட்டர் துளையில் பெரிய கம்ப்ரஸரைச் செருகக் கூடாது. அந்த இணைப்பு பொதுவாக 10 முதல் 15 ஆம்பியர் வரைதான் தாங்கும். டிராக்டர் டயருக்குத் தகுந்த கம்ப்ரஸரோ 30 ஆம்பியர் வரை எடுக்கும். பியூஸ் போகிறதே என்று கனமான கம்பியைச் சுற்றிவைத்தால் ஒயர் எரியும்.

பேட்டரியிலிருந்து கம்ப்ரஸருக்கு 4 மீட்டர் தூரம் என்று கொள்வோம். மின்சாரம் போகவும் திரும்பவும் 8 மீட்டர் செம்பு ஒயர் வேண்டும். 30 ஆம்பியர் ஓடும்போது 2.5 சதுர மி.மீ. ஒயரில் சுமார் 1.7 வோல்ட் இழப்பு ஏற்படும். அதாவது 50 வாட் மின்சாரம் ஒயரைச் சூடாக்குவதிலேயே போகிறது, மோட்டாரும் திணறும். 6 சதுர மி.மீ. ஒயரில் இந்த இழப்பு 0.7 வோல்ட்டாகவும், 10 சதுர மி.மீ. ஒயரில் 0.4 வோல்ட்டாகவும் குறைகிறது. ஆகவே கடையில் "6 ஸ்கொயர்" ஒயருக்குக் குறையாமல் கேட்டு வாங்கவும். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் மலிவாகக் கிடைக்கும். அது இதற்கு உதவாது. முனையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

இணைக்கும் முறை

1. வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். வேலை முடிந்த பின் அதையே கடைசியாக மாட்ட வேண்டும்.

2. பேட்டரியின் பாசிடிவ் முனையிலிருந்து புறப்படும் ஒயரில், 20 செ.மீ. தூரத்திற்குள் 40 ஆம்பியர் பியூஸ் ஒன்றைப் பொருத்தவும். பியூஸ் கம்ப்ரஸர் அருகில் இருந்தால், நடுவில் ஒயர் உராய்ந்து இரும்பில் பட்டாலும் அது துண்டிக்காது.

3. பியூஸிலிருந்து வரும் ஒயரை ரிலேயின் 30 எண் முனையிலும், 87 எண் முனையிலிருந்து கம்ப்ரஸரின் பாசிடிவ் ஒயரையும் இணைக்கவும். மோட்டார் புறப்படும்போது அதிக மின்சாரம் எடுப்பதால் 70 ஆம்பியர் ரிலே பாதுகாப்பானது.

4. சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்பிலிருந்து, 5 ஆம்பியர் பியூஸ், சிறு சுவிட்சு வழியாக ரிலேயின் 86 எண் முனைக்கு மெல்லிய ஒயர் கொண்டுவரவும். 85 எண் முனையை வண்டியின் பாடியில் இணைக்கவும். இவ்வாறு செய்தால் சாவி இல்லாதபோது கம்ப்ரஸர் ஓடாது.

5. கம்ப்ரஸரின் நெகடிவ் ஒயரையும் அதே கனத்தில் பேட்டரி வரை கொண்டுசெல்லவும். துருப்பிடித்த பாடித் தகட்டை நம்ப வேண்டாம். பேட்டரியின் நெகடிவ் முனையில் உணர்கருவி உள்ள புதிய வண்டிகளில், அதைத் தாண்டி சேசிஸுடன் சேரும் இடத்தில் இணைக்க வேண்டும்.

6. ஒயர்களை நெளிகுழாயினுள் செலுத்தி, 30 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப் போடவும். தகட்டுத் துளைகளில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும். சைலன்சர், டீசல் குழாய், பிரேக் குழாய் ஆகியவற்றை ஒட்டிக் கொண்டுசெல்லக் கூடாது. முனைகளை முறுக்கிக் கட்டாமல் லக் வைத்து அழுத்தி இணைக்கவும்.

இந்த வேலையை வண்டி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் செய்வோரும் மேற்கண்டவற்றை அருகிலிருந்து சரிபார்த்துக்கொள்ளலாம். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியானால், விற்பனையாளரைக் கேட்ட பிறகே கைவைக்க வேண்டும்.

ஓட்டிப் பார்த்தல்

எஞ்சினை இயக்கிவிட்டுத்தான் கம்ப்ரஸரை ஓட்ட வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது 30 ஆம்பியர் கம்ப்ரஸரை அரை மணி நேரம் ஓட்டினால் 15 ஆம்பியர்-மணி செலவாகும். 50 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பழைய பேட்டரியானால் வண்டி புறப்படாமல் வயலிலேயே நின்றுவிடும்.

கம்ப்ரஸர் ஓடும்போது பேட்டரி முனையிலும் கம்ப்ரஸர் முனையிலும் வோல்ட்மீட்டர் வைத்துப் பார்க்கவும். வித்தியாசம் 1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஒயர் மெல்லியது, அல்லது இணைப்பு தளர்ந்துள்ளது என்று அறியலாம். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தியபின் ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பார்க்கவும். ஓரிடம் மட்டும் சுட்டால் அதைப் பிரித்துச் சுத்தம் செய்து மீண்டும் இறுக்கவும்.

காற்றடிக்கும்போது கவனிக்க வேண்டியவை

டயருக்கு உரிய அழுத்தத்தை வண்டியின் கையேட்டில் பார்த்து, மீட்டர் வைத்து அடிக்கவும். டிராக்டரின் பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால், வால்வு மேலே வருமாறு சக்கரத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் மீட்டரில் ஏறும். காற்றில்லாமல் நெடுந்தூரம் ஓடிய டயரைக் கழற்றிச் சோதிக்காமல் காற்றடிக்கக் கூடாது. வளையம் மாட்டிய ரிம் உள்ள டயருக்கு எதிரே நிற்கவே கூடாது. வளையம் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. நீண்ட குழாயும் கவ்விப் பிடிக்கும் முனையும் இருந்தால் பக்கவாட்டில் தள்ளி நின்று அடிக்கலாம்.

காகித ஏர் பில்டரை 2 கிலோவுக்கு மேற்படாத அழுத்தத்தில், உள்ளிருந்து வெளிப்புறமாக ஊதிச் சுத்தம் செய்யலாம். தெளிப்பான் முனையில் அடைப்பு இருந்தால் வாயால் ஊதுவதற்குப் பதிலாக இக்காற்றைப் பயன்படுத்தலாம். மருந்து படாதபடி முனையை முதலில் நீரில் கழுவிக்கொள்ள வேண்டும். உடம்பின் மீதும் உடையின் மீதும் காற்றைப் பாய்ச்சுவது ஆபத்தானது.

காற்றுத் தொட்டி உள்ள கம்ப்ரஸரானால் பாதுகாப்பு வால்வு வேலை செய்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும். தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறையும், மழைக் காலத்தில் தினமும் வெளியேற்றவும். மாதம் ஒருமுறை போல்ட்டுகளை இறுக்கி, கம்ப்ரஸரின் காற்று வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்யவும்.

கம்ப்ரஸருக்குச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் நல்ல ஒயர், பியூஸ், ரிலே ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சிறிதே. அதில் சிக்கனம் பார்க்காமல் செய்துகொள்ளும் உழவர்கள், அறுவடை நாட்களில் வேலை தடைபடாமல் பயன் பெறலாம்.