ஒரே ஒரு லாரி... தாக்குப்பிடிப்பது எப்படி?

நாமக்கல், சங்ககிரி பக்கம் ஒற்றை லாரி ஓனர்கள் நிறைய பேர். சிலருக்கு டிரைவரும் அவங்களேதான். வண்டி ஓடாவிட்டாலும் தவணை, இன்சூரன்ஸ் நிற்காது. ஓடினால் டீசல், டோல், டயர்.

அப்போ லாபம் எங்கே? பெரும்பாலும் ரிட்டர்ன் லோடில். டெல்லி போன வண்டி காலியாகத் திரும்பினால், வாங்கிய வாடகையை டீசலே தின்றுவிடும். லோடுக்காக நாலு நாள் அங்கேயே காத்துக் கிடந்தாலும் நஷ்டம். பெரிய கம்பெனிக்கு ஊருக்கு ஊர் ஆபீஸ் உண்டு. இவருக்கு புரோக்கர்தான் கதி, கமிஷன் வேறு!

வாடகையில் ஒரு பகுதிதான் அட்வான்ஸ். மீதி, சரக்கு இறக்கிய ரசீது போய்ச் சேர்ந்த பிறகு. அது வாரக்கணக்கில் இழுத்தால், தவணை கட்ட வட்டிக்கு வாங்கணும். பல லாரிகள் கைமாறுவது இப்படித்தான்.

ஒரே ரூட்டில் ஓடி, இரண்டு முனையிலும் தெரிந்த புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், ரெண்டு மாதத் தவணையைக் கையில் வைத்திருந்தால் சமாளித்துவிடுகிறார்.