சீட்டில் விடுபட்ட ஒரு வரி

மார்ச் 4 வந்தால் ஆலை வாசல்களில் பாதுகாப்பு வாரக் கொடி ஏறுகிறது. உறுதிமொழி, தீயணைப்பு ஒத்திகை எல்லாம் நடக்கும். கேட்டுக்குப் பக்கத்தில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்றொரு பலகை. யாருக்காவது விரல் போனால் அதில் எண் மறுபடி பூஜ்யமாகும். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் அந்த எண் அசையாது.

என் சித்தப்பா கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு வருடம் ப்ளோ ரூமில் வேலை பார்த்தார். பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போடுகிற இடம். அரை நைட் முடிந்து வந்தால் மீசை, புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். “ஒரு துண்டு வெல்லம் தின்னா தூசி இறங்கிரும்” என்பார். வெல்லம் தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். வார லீவு முடிந்து போகிற முதல் நாள் நெஞ்சைப் பிடிக்கும், மறுநாள் விட்டுவிடும். அதனால் அவர் அதை நோயாகவே நினைக்கவில்லை.

அது நோய்தான். பெயர் பிஸ்ஸினோசிஸ். பஞ்சுத் தூசியோடு வரும் பாக்டீரியா நஞ்சு மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது. முதலில் லீவுக்கு அடுத்த நாள் மட்டும். பிறகு வாரம் முழுக்க. கடைசியில் வேலையை விட்டாலும் விடாது. இதைக் காட்டிக்கொடுக்கும் தனி அடையாளம் எக்ஸ்ரேயில் கிடையாது. ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதவைத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், “என்ன வேலை பார்க்கிறீர்கள்?” என்று கேட்க வேண்டும். இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700-லேயே சக மருத்துவர்களிடம் வற்புறுத்திய கேள்வி இது.

சித்தப்பாவை யாரும் அதைக் கேட்கவில்லை. பத்து வருட மருத்துவச் சீட்டுகளைப் புரட்டினேன். ‘ஆஸ்துமா’, ‘சளி’, ‘புகை பிடிப்பவர்’ என்று இருந்தது. ‘மில் தொழிலாளி’ என்று ஒரு சீட்டிலும் இல்லை.

இதைக் கவனிக்கச் சொல்லிச் சட்டமில்லையா என்றால், இருந்தது. 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இந்த நோய் இருந்தது. ஆலையில் வேலை செய்கிறவருக்கோ முன்பு செய்தவருக்கோ இது இருப்பதாகத் தோன்றினால், சிகிச்சை தரும் மருத்துவர் தாமதமின்றி எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது அதன் 89-ஆம் பிரிவு. இழப்பீட்டுச் சட்டமும் இதைத் தொழில்நோயாக ஏற்றிருந்தது. தமிழ்நாட்டில் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. முதலில் வந்ததே கோவைக்குத்தான், 1955-இல். இத்தனையும் இருந்தும், தொழிலை எழுதாத சீட்டை வைத்துக்கொண்டு எந்த இழப்பீட்டைக் கேட்பது?

புது இயந்திரங்கள் தூசியை உறிஞ்சிவிடுகின்றன என்கிறார்கள் ஆலைக்காரர்கள். பல இடங்களில் அது உண்மைதான். ஆனால் பழைய தூசியைச் சுவாசித்தவர்கள் இன்னும் நம் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். எந்த மில், எந்த டிபார்ட்மென்ட், எத்தனை வருடம் என்று நீங்களே சொல்லுங்கள். சீட்டில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள்.