கிணற்று மேட்டுக்கு வைஃபை: அமைப்பதும் பழுது பார்ப்பதும்

தோட்டத்து வீட்டுக்கு ஃபைபர் கேபிள் வழியாக இணையம் வந்துவிட்ட விவசாயிகள் பலர், அதைக் கிணற்று மேட்டிலுள்ள மோட்டார் அறை வரை கொண்டு செல்ல விரும்புகின்றனர். சொட்டு நீர் வால்வுகளைத் திறந்து மூடும் கருவி, மண் ஈரம் காட்டும் கருவி, கண்காணிப்பு கேமரா ஆகிய யாவும் இன்று வைஃபை கேட்கின்றன. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும் ஊர்களில், டார்ச் விளக்கும் கம்புமாக வரப்பில் பாம்புக்குப் பயந்து நடந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும் பணம் போட்டு அமைத்த இணைப்பு ஆறே மாதத்தில் செயலற்றுப் போய், மறுபடி டார்ச் விளக்கைக் கையில் எடுத்தவர்களும் உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் மட்டுமே வசதி வேண்டும் என்பவர்களுக்கு வைஃபை தேவையில்லை. கைபேசி சிம் கார்டில் இயங்கும் ஸ்டார்ட்டர் போதுமானது. கிணற்று மேட்டில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காதவர்களும், வால்வு, கேமரா என்று பல கருவிகள் வைப்பவர்களும் மேற்கொண்டு படிக்கலாம்.

வீட்டிலுள்ள ரவுட்டரின் அலை திறந்த வெளியில் ஓரளவு தூரம் செல்லும். சுவர் குறுக்கிட்டால் அந்தத் தூரம் மிகவும் குறைந்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் அலையின் வலு நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே 300 மீட்டருக்கு அப்பால் உள்ள கிணற்றுக்கு, விலை கூடிய பெரிய ரவுட்டர் வாங்குவதால் பயனில்லை. ரவுட்டர் உரக்கப் பேசினாலும், கிணற்றடியில் உள்ள சிறு கருவி பேசுவது வீட்டுக்குக் கேட்க வேண்டுமல்லவா? இதற்கென வீட்டுக் கூரையில் ஒன்றும், மோட்டார் அறைக் கூரையில் ஒன்றுமாக, ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் இரு ஆன்டெனாப் பெட்டிகள் ஜோடியாகவே விற்கப்படுகின்றன. இவை பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட திறனுக்குள் இவற்றைப் பயன்படுத்த உரிமம் பெற வேண்டியதில்லை. அமைக்கும்போது நாடு எது என்று கேட்கும் இடத்தில் இந்தியா என்றே குறிப்பிட வேண்டும்.

ஒரு பெட்டியிலிருந்து மற்றதைக் கண்ணால் பார்க்க முடிந்தால் போதும் என்று பலரும் எண்ணுகின்றனர். அது போதாது. அலை நூல் பிடித்தாற்போல் ஒல்லியாகச் செல்வதில்லை. இரு முனைகளிலும் குறுகி, நடுவில் வெள்ளரிக்காய் போல் பருத்துச் செல்கிறது. 300 மீட்டர் தூரத்துக்கு, நடுப்பகுதியில் நேர்கோட்டின் எல்லாப் பக்கமும் சுமார் 2 மீட்டர் வெற்றிடம் இருந்தால் நல்லது.

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்தில், வாழைக் கன்று நட்ட மாதத்தில் இந்தப் பெட்டிகளைப் பத்தடி உயரத்தில் பொருத்தினார்கள். கேமரா படம் தெளிவாக வந்தது. வாழை குலை தள்ளும் தறுவாயில் படம் உறைந்து உறைந்து வந்து, மழை பெய்த நாட்களில் அடியோடு நின்றது. கருவி கெட்டுவிட்டது என்று புதிய ஜோடி வாங்கினார்கள். அதுவும் அப்படியே. குற்றம் கருவியில் இல்லை, இலையில் இருந்தது. இலையிலுள்ள நீர் இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். மழையில் நனைந்த இலை இன்னும் அதிகமாகத் தடுக்கும். இருபதடி ஜி.ஐ. குழாய் நட்டு அதன் உச்சியில் அதே பழைய பெட்டிகளை ஏற்றியதும் இணைப்பு திரும்பிவிட்டது. எனவே இன்றுள்ள பயிரைப் பார்த்து உயரத்தைத் தீர்மானிக்கக் கூடாது. கரும்பு, வாழை, மரவள்ளி என எது வரப் போகிறதோ, அது முழுதும் வளர்ந்த உயரத்தைக் கணக்கிட வேண்டும். தென்னந்தோப்பு குறுக்கே இருந்தால் மட்டைகளுக்குக் கீழே, மர வரிசைகளின் இடைவெளியில் பாதை கிடைக்கிறதா என்று பாருங்கள். தோப்புக்கு மேலே ஏற்றுவது செலவு மிக்க வேலை.

பெட்டிகளை நேர்ப்படுத்துவதற்குப் பொறுமை வேண்டும். அவற்றின் அமைப்புப் பக்கத்தில் சிக்னலின் வலு டெசிபல் கணக்கில், கழித்தல் குறியுடன் தெரியும். எண் சிறியதாக இருக்க இருக்க வலு அதிகம். அதாவது -55 நல்லது, -65 பரவாயில்லை, -80 உதவாது. ஒருவர் பெட்டியைச் சிறிது சிறிதாக இடமும் வலமும் திருப்ப, மற்றவர் எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் காத்திருங்கள். எண் ஒரு முறை ஏறியதுமே அதுதான் உச்சம் என்று ஆணியை முடுக்கிவிடாதீர்கள். ஓரத்திலும் சிறு உச்சங்கள் உண்டு. இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்த பிறகே முடுக்க வேண்டும். கிடைத்த எண்ணையும் தேதியையும் மோட்டார் அறைச் சுவரில் எழுதி வையுங்கள். பின்னால் பழுது பார்க்கும்போது இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

பெட்டிக்குச் செல்லும் கேபிளில் நானே ஏமாந்திருக்கிறேன். என் தோட்டத்தில் வீட்டுக்குள் பயன்படுத்தும் சாம்பல் நிறக் கேபிளை வெளியில் கட்டிவிட்டேன். ஒரே கோடையில் மேலுறை வெடித்து, அடுத்த மழையில் தண்ணீர் கேபிளுக்குள்ளேயே இறங்கி வந்து கருவியின் வாயை அரித்துவிட்டது. வெளியில் போடுவதற்கென்றே செய்த, வெயில் தாங்கும் கறுப்புக் கேபிளையே வாங்க வேண்டும். உள்கம்பி முழுச் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியில் நீளம் கூடக்கூட மின்னழுத்தம் குறைந்து பெட்டி அடிக்கடி அணைந்து எரியும். மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே வளைத்தால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இனிப் பழுதுகள். பெரியவர் ஒருவர் என்னிடம், "மோட்டார் போட்டா நெட் போயிருதுங்க சார், மோட்டார் அலை அடிக்குதுங்களா?" என்று கேட்டார். கேட்பதில் நியாயம் இருந்தது. ஆனால் அவரை மோட்டார் போடச் சொல்லிவிட்டு ரவுட்டரின் விளக்குகளைப் பார்த்தபோது விஷயம் விளங்கிவிட்டது. எல்லா விளக்குகளும் ஒருசேர அணைந்து மீண்டும் எரிந்தன. நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் மோட்டார் அந்த நொடியில் வழக்கத்தைப் போல் 5, 6 மடங்கு மின்னோட்டம் இழுக்கும். கோடிக் கம்பத்திலுள்ள தோட்டத்தில் மின்னழுத்தம் சட்டென இறங்க, ரவுட்டர் அணைந்து, மறுபடி முழுதாகக் கிளம்ப இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கிறது. ரவுட்டருக்கென்றே விற்கும் கைக்கடக்கமான பேட்டரிப் பெட்டி ஒன்றை இடையில் இணைத்ததும் குறை தீர்ந்தது. ரவுட்டரின் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் அதற்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இணைப்பு நின்றுபோனால், கிணற்று மேட்டுக்கு ஓட வேண்டாம். தண்ணீர் வராதபோது வாய்க்காலின் தலைமடையிலிருந்து பார்த்துக்கொண்டு வருவது போல வீட்டிலிருந்து தொடங்குங்கள். ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியில் கேபிள் அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. அது கம்பெனிக்காரர் வேலை; ஃபைபரை மின்கம்பி போல் முறுக்கி இணைக்க முடியாது. அது சரியாயிருந்தால் வீட்டு ரவுட்டரின் அருகில் நின்று கைபேசியில் இணையம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், வீடு வரை குற்றமில்லை. அடுத்து ஆன்டெனாப் பெட்டியின் எண்ணைச் சுவரில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். 10 டெசிபல் குறைந்திருந்தால் வலு பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். இலை வளர்ந்திருக்கும், அல்லது காற்றில் குழாய் திரும்பியிருக்கும். எண் மாறாமலிருந்தால் மோட்டார் அறையிலுள்ள ரவுட்டரைப் பார்க்க வேண்டும்.

அந்த இரண்டாவது ரவுட்டரில் நேரும் தவறு ஒன்று மிகச் சாதாரணமானது. வீட்டு ரவுட்டர், இணைந்த ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கதவு எண் கொடுக்கிறது. இரண்டாவது ரவுட்டரும் தன் போக்கில் எண் கொடுக்கத் தொடங்கினால் ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே எண் விழுந்து குழப்பமாகும். சில வேளை இரண்டு ரவுட்டருமே 192.168.1.1 என்ற ஒரே எண்ணில் உட்கார்ந்திருக்கும். இரண்டாவதை 192.168.1.2 என மாற்றி, டி.எச்.சி.பி. என்ற எண் கொடுக்கும் வேலையை அதில் நிறுத்திவிட்டு, கேபிளை லேன் துளையில் செருக வேண்டும். அக்சஸ் பாயின்ட் என்ற முறை அதில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

வால்வுக் கருவிகளும் ஈரமானிகளும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும். ரவுட்டர் இரு அலைகளுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சில கருவிகள் இணைய மறுக்கும். 2.4க்குத் தனிப் பெயர் கொடுங்கள். பக்கத்துத் தோட்டத்திலும் வைஃபை இருந்தால் 1, 6, 11 ஆகிய சானல்களில் அவர்கள் பயன்படுத்தாத ஒன்றை வையுங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் ஒவ்வொரு கருவியிலும் புதிதாகக் கொடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு வால்வு கெட்டுவிட்டது என்று கழற்றுபவர்கள் உண்டு.

வால்வுக் கருவி வாங்கும்போது, இணையம் அறுந்தால் அது என்ன செய்யும் என்று கடைக்காரரிடம் அவசியம் கேளுங்கள். தன்னிடமுள்ள கால அட்டவணைப்படி தொடர்ந்து இயங்குவதையே வாங்க வேண்டும். எல்லா வால்வும் மூடிய நிலையில் மோட்டார் ஓடினால் குழாய் வெடிக்கும். கிணறு வற்றிய பின்னும் ஓடினால் மோட்டார் கருகும். தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை நிறுத்தும் கருவியை வைஃபையை நம்பாமல் ஸ்டார்ட்டரிலேயே பொருத்திக்கொள்ளுங்கள்.

உயரக் குழாய் நட்டால் இடிக்கு அஞ்ச வேண்டும். குழாயை முறையாக எர்த் செய்து, கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் மின் எழுச்சித் தடுப்பானும் பொருத்த வேண்டும். நேரடி இடியை எதுவும் தடுக்காது. ஆகவே வானம் இருண்டதும், இடி தொடங்குவதற்கு முன்பே, இரு முனைகளிலும் பிளக்கையும் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிவிட்டால் கேபிளைத் தொடாதீர்கள். மின்கம்பி செல்லும் பக்கம் குழாய் நடவே கூடாது. ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒரு முறை ஏறி ஆணிகளை முடுக்கி, எண்ணைப் பார்த்துச் சுவரில் பழைய எண்ணுக்குக் கீழே எழுதுங்கள்.