மலையடிவாரத்து மணலும் புதுச்சேரிக் கரையும்

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் பின்னால் அண்ணாமலையிலிருந்து இறங்கும் ஓடைகளில், நல்ல மழைக்கு மறுநாள் படிந்திருக்கும் மணலை அள்ளிப் பாருங்கள். முனை மழுங்காத பருமணல், உள்ளங்கையில் குத்தும். இதுபோன்ற மணல்தான் ஆற்றோடு உருண்டு தேய்ந்து, பல தலைமுறைக் காலத்தில் கடற்கரையாகிறது. திருவண்ணாமலை வட்டாரத்து வெள்ளத்தைத் துரிஞ்சலாறு வாங்கிக்கொண்டு போய்த் தென்பெண்ணையில் விடுகிறது. தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் சேர்கிறது. அங்கிருந்து வடக்கே சற்றுத் தொலைவில் புதுச்சேரி.

கடலரிப்பு என்றதும் நாம் அலையைத்தான் குற்றம் சொல்கிறோம். அலை எடுத்துக்கொண்டும் போகும், கொண்டுவந்தும் போடும். நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் முழுக்க மணல் கரையோரமாகவே வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவமழையின்போது கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. கணக்குப் பார்த்தால் வடக்கே போவதே அதிகம், ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். இந்த ஓட்டத்தை நடுவில் மறித்தால் மறித்த இடத்துக்குத் தெற்கே கரை வளரும், வடக்கே கரை அரிபடும்.

புதுச்சேரியில் நடந்தது இதுதான். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்தடுப்புகள் நீட்டப்பட்டன. தெற்கே வீராம்பட்டினத்தில் மணல் குவிந்தது. வடக்கே நகரின் கடற்கரை காணாமல் போய்க் கருங்கல் குவியலே மிஞ்சியது. நகரைக் காக்கக் கல் கொட்டக் கொட்ட, அரிப்பு வைத்திக்குப்பம், சோலை நகர் என்று நகர்ந்து, எல்லை தாண்டித் தமிழகத்தின் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போனது. ஒரு குப்பத்தில் கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவு போட்டால் அடுத்த குப்பத்தில் வலை காயப்போட இடமில்லை, படகை ஏற்றிவைக்கக் கரையில்லை. மீனவர்களையே ஒருவர் மேல் ஒருவர் கோபப்பட வைக்கும் இந்த வைத்தியத்தை இனியும் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துறைமுகம் மட்டும் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆற்றிலிருந்து மணல் வரவும் குறைந்துவிட்டது. 1950களின் இறுதியில் தென்பெண்ணையின் குறுக்கே கிருஷ்ணகிரியிலும் சாத்தனூரிலும் எழுந்த அணைகள் பாசனம் தந்தன. கூடவே, ஆறு கொண்டுவந்த மணலையும் தேக்கிக்கொண்டன. துரிஞ்சலாறு சாத்தனூருக்குக் கீழேதான் சேர்கிறது, அதன் மணல் அணையில் சிக்காது. ஆனால் அணைக்குக் கீழே ஆற்றில் இருந்த மணலை லாரிகள் அள்ளிவிட்டன. 1990 முதல் 2018 வரையிலான தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் ஆய்வில், தமிழகக் கரையில் 42.7 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருப்பது தெரிந்தது. நாட்டின் சராசரி 33.6 சதவீதம்.

மலையிலிருந்து மண் எவ்வளவு இறங்கினாலும் கரைக்கு நல்லது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஃபெஞ்சல் புயல் மழையில், 2024 டிசம்பர் 1 அன்று அண்ணாமலைச் சரிவு திருவண்ணாமலை வ.உ.சி. நகர் வீடுகள் மேல் சரிந்து 7 பேரைக் கொன்றது. சரிவில் மரம் வேண்டும். மண் அங்கேயே நிற்க வேண்டும். ஆற்றில் இருக்கும் மணல் ஆற்றோடு போக வேண்டும். இரண்டையும் நாம் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

புதுச்சேரியில் ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இரும்பாலான செயற்கைத் திட்டு அமைத்தார்கள். காந்தி சிலை அருகே மறுபடி மணல் சேர்ந்தது. ஆனால் அது நகருக்கு மட்டுமான விடிவு. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே விடுவது துறைமுகத்தின் தொடக்கத் திட்டத்திலேயே இருந்தது. அதை ஆண்டுதோறும் தவறாமல் செய்திருந்தால் பொம்மையார்பாளையத்துக்குக் கல் சுமந்த லாரிகள் போயிருக்கத் தேவையில்லை. இப்போதாவது அந்த வேலைக்கு நிரந்தர நிதியும், புதுச்சேரி, தமிழக அரசுகள் இரண்டும் சேர்ந்து பதில் சொல்லும் ஓர் அமைப்பும் வேண்டும்.