பன்றிக்கு வைத்த கம்பி

நம் தேசியக் கொடியில் வாளேந்தி நிற்கும் சிங்கத்தை இந்தத் தீவின் எந்தக் காட்டிலும் காண முடியாது. குருவிட்டையில் கிடைத்த பற்களை ஆராய்ந்த பி. ஈ. பி. தெரணியகல, ஒரு காலத்தில் இங்கேயும் சிங்கம் வாழ்ந்தது என்று 1939இல் எழுதினார். அதற்கு மேல் சான்று மிகக் குறைவு. வெள்ளவத்தைப் பிள்ளைகள் சிங்கம் பார்க்க வேண்டுமென்றால் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குத்தான் போக வேண்டும். வரிப்புலியும் இங்கே கிடையாது. ஆகவே இலங்கைக் காட்டில் தனக்கு மேல் ஆளில்லாமல் வாழும் வேட்டை விலங்கு சிறுத்தை ஒன்றுதான்.

உலகில் வேறெங்கும் இல்லாத துணையினம் இது. ஆண் சராசரியாக 56 கிலோ, பெண் ஏறத்தாழ அதில் பாதி. ஆபிரிக்காவில் சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் பயந்து சிறுத்தை தன் இரையை மரக்கிளைக்கு இழுத்துப் போகும். இங்கே பறித்துத் தின்ன யாருமில்லாததால் பெரும்பாலும் தரையிலேயே இருந்து சாப்பிடுகிறது, பகலிலும் நடமாடுகிறது. யாலவுக்கும் வில்பத்துவுக்கும் ஜீப் ஏறிப் போகிறவர்களுக்குச் சிறுத்தை கண்ணில் படுவது அதனால்தான். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020இல் இதை 'அருகிவரும்' பட்டியலிலிருந்து 'அழிவாய்ப்புள்ள' பட்டியலுக்கு மாற்றியது. படி ஒன்று இறங்கியதே என்று ஆறுதல்பட முடியாது. வளர்ந்த சிறுத்தைகள் தீவு முழுவதற்கும் ஆயிரத்தைத் தாண்டாது என்பதே அந்த மதிப்பீட்டின் அடிப்படை.

கொழும்பில் இருக்கும் நமக்குப் பெரும்பாலும் தெரியாத சங்கதி, சிறுத்தை சரணாலயத்துக்குள் மட்டும் வாழ்வதில்லை என்பது. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை என்று தேயிலை படர்ந்த மலைகளிலெல்லாம் அது இருக்கிறது. இரண்டு தோட்டங்களுக்கு நடுவே விட்டுவைத்த காட்டுத் துண்டு, ஓடைக்கரைப் புதர், உச்சியில் இருக்கும் சோலை போதும் அதற்கு. இடுப்பளவு தேயிலைச் செடிக்கு அடியில் ஒரு தாய்ச் சிறுத்தை குட்டி போட்டிருக்கும். மேலே ஒரு பெண் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. முயல், முள்ளம்பன்றி, மான், காட்டுப்பன்றி, சில சமயம் லயத்து நாய் என்று கிடைத்ததைத் தின்று அது காலம் தள்ளுகிறது.

2020 மே 26 அன்று நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தின் மரக்கறித் தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. சிறுத்தையில் கறுப்பு வேறு இனமல்ல. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்து சேர்ந்தால்தான் குட்டி கறுப்பாகும். வெயிலில் உற்றுப் பார்த்தால் கறுப்புக்குள் பழைய புள்ளிகள் தெரியும். இலங்கையில் இது மிக மிக அரிது. சிவனொளிபாதமலைக் காட்டில் உயிரோடு நடமாடும் கருஞ்சிறுத்தையைத் தானியங்கிக் கமரா படம் பிடித்து அப்போது ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. வனஜீவராசிகள் திணைக்களத்தார் வந்து மயக்க ஊசி போட்டுக் கம்பியை அகற்றி, உடவளவ யானைகள் இடைத்தங்கல் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தார்கள். மே 29 அன்று அது செத்துப்போனது.

நாடே அந்தப் படத்தைப் பார்த்து வருந்தியது. கறுப்பாக இருந்ததால்தான் அந்த வருத்தம். புள்ளிச் சிறுத்தைகள் அதே மலையில் அதே கம்பியில் அதற்கு முன்பும் செத்தன, அதற்குப் பின்பும் செத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குச் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரி கிடைக்கும்.

அந்தக் கம்பி என்னவென்று பார்ப்போம். பெரும்பாலும் அது சைக்கிள் பிரேக் வயர் அல்லது மோட்டார் சைக்கிளின் கிளட்ச் வயர். மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது, துருவேறினாலும் அறாது. ஒரு முனையில் சிறு வளையம் கட்டி மறுமுனையை அதற்குள் நுழைத்தால் சுருக்கு ஆயிற்று. காட்டுப்பன்றி வந்து போகும் ஒற்றையடித் தடத்தில், வேலியில் அது நுழையும் பொந்தில், பன்றியின் மூக்கு உயரத்துக்கு அதைத் தொங்கவிட்டு, மறுமுனையை மரத்திலோ முளையிலோ கட்டிவிடுவார்கள். செலவு ஒன்றுமில்லை. பழைய வயர் எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும். ஒருவர் ஓர் இரவில் பத்து இடத்தில் வைத்துவிட்டு, இரண்டை மறந்துபோகவும் கூடும். மறந்த கம்பி மாதக்கணக்கில் வேலை செய்யும்.

சிறுத்தையும் அதே தடத்தில்தான் வருகிறது, இரையைத் தேடி. அதன் தலையும் தோளும் சில வேளை வளையத்துக்குள் சுலபமாகப் புகுந்துவிடும். முன்னே நகர்ந்ததும் ஒடுங்கிய இடுப்பில் கம்பி இறுகுகிறது. பின்வாங்கினால் இன்னும் இறுகும். பாய்ந்தால் தோலை அறுத்துச் சதைக்குள் இறங்கும். இரவில் மாட்டிக்கொண்டது விடியும்வரை போராடும். ஆட்கள் கூடியதும் இன்னும் வெறிகொண்டு துள்ளும்.

கம்பியை வெட்டிவிட்டால் பிழைத்துவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். பல சிறுத்தைகள் கம்பியை எடுத்த பிறகே சாகின்றன. மணிக்கணக்கில் முழுப் பலத்தோடு திமிறும்போது தசைநார்கள் உடைந்து, தசையின் சிவப்புப் புரதம் இரத்தத்தில் கலக்கிறது. அதை வடிக்க முயலும் சிறுநீரகம் அடைபட்டு, இரண்டு மூன்று நாளில் செயலிழக்கிறது. இடுப்பு நெரிபட்டிருந்தால் குடலும் சிறுநீர்ப்பையும் உள்ளேயே சேதமாகியிருக்கும். வெளிக்காயம் சின்னதாகத் தெரியும் விலங்குகூட அதனால் தப்புவதில்லை. நேரம் போகப் போகப் பிழைக்கும் வாய்ப்பு தேய்கிறது.

கம்பி வைப்பவரைக் கொடியவர் என்று திட்டுவது கொழும்பில் இருந்துகொண்டு சுலபம். கொட்டாஞ்சேனையில் இரும்புக் கடையொன்றில் வேலை செய்யும் மஸ்கெலியாத் தம்பி ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "அண்ணே, அம்மா லயத்துக்குப் பின்னால உருளைக்கிழங்கு போட்டாங்க. மூணு மாசம் தண்ணி சுமந்தாங்க. ஒரே ராத்திரியில பன்னி உழுதுட்டுப் போயிடுச்சு. புலி சாகணும்னு யாரும் கம்பி வைக்கல" என்றார். சிறுத்தையை மலையகத்தில் புலி என்றுதான் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் சொந்தமாகக் காணி இல்லாத குடும்பங்கள் காட்டோரத்தில் எடுத்துக்கொண்ட ஒரு துண்டு நிலம் அது. சம்பளம் போதாததை அந்தக் கிழங்கும் கரட்டும்தான் ஈடுகட்டுகின்றன. இறைச்சிக்காகவே கம்பி வைப்பவர்களும் உண்டு, அவர்களைச் சட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். பயிரைக் காக்க வைத்தவருக்குத் தேவை வழக்கு அல்ல, வேலி.

கம்பி ஆளறியாமல் கொல்கிறது. நஞ்சு அப்படியல்ல. அதை வைப்பவருக்குச் சாகப்போவது எது என்று தெரியும்.

கதை எங்கும் ஒன்றுதான். இரவில் மாடு ஒன்று அடிபட்டுச் சாகும். சொந்தக்காரருக்கு ஒரு வருடத்து வருமானம் போயிற்று. வேட்டை விலங்கு மிச்சத்தைத் தின்னத் திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியும். வயலுக்கு வாங்கிய பீடைகொல்லி வீட்டில் இருக்கிறது. அதைச் செத்த மாட்டின் மேல் தூவிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். கென்யாவின் மசாய் மாராவில், தொலைக்காட்சிப் படங்களால் உலகப் புகழ்பெற்ற சிங்கக் கூட்டமொன்றின் சில சிங்கங்கள் 2015 டிசம்பரில் இப்படித்தான் நஞ்சுக்கு இரையாகின. உகண்டாவின் குயீன் எலிசபெத் தேசியப் பூங்காவில் 2018 ஏப்ரலில் குட்டிகளோடு சேர்த்து 11 சிங்கங்கள் ஒரே தடவையில் செத்தன. நமக்குப் பக்கத்திலும் குறைவில்லை. 2023 செப்டெம்பரில் நீலகிரி அவலாஞ்சியில் இரண்டு புலிகள், 2025 ஜூனில் கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் ஒரு தாய்ப் புலியும் நான்கு குட்டிகளும். எல்லாவற்றுக்கும் பின்னால் நஞ்சு தடவிய ஒரு மாட்டுடல். யால ஓரத்து மாட்டுப் பட்டிகளிலும் இந்தக் கோபம் இருக்கிறது, கையெட்டும் தூரத்தில் மருந்துப் போத்தலும் இருக்கிறது.

இந்த மருந்துகள் பூச்சியைக் கொல்லும் வழியிலேயே சிங்கத்தையும் கொல்கின்றன. நரம்பு தசைக்கு 'சுருங்கு' என்று சொல்ல அசிற்றைல்கோலின் என்ற பொருளை விடுகிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதியம் வந்து அதை உடனே அழித்துவிடும், தசை தளரும். கார்போபியூரான் போன்ற காபமேற்றுகளும் மொனோகுரோட்டபொஸ் போன்ற ஒர்கனோபொசுபேற்றுகளும் அந்த நொதியத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகின்றன. அணைக்கும் ஆளில்லாத சுவிட்சு மாதிரி, தசை சுருங்கிக்கொண்டே இருக்கிறது. வாயில் நுரை தள்ளும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சிறுக்கும், உடல் வெட்டி வெட்டி இழுக்கும், நுரையீரலில் நீர் நிறையும், கடைசியில் மூச்சுத் தசை ஓய்ந்துவிடும். அத்ரோப்பின் கொடுத்தால் மீட்கலாம், அதற்குக் காட்டில் அவகாசம் ஏது? குறுமணி போலிருக்கும் கார்போபியூரான் குருணை ஒன்றே சிறு பறவையைக் கொல்லப் போதும். அந்த மாட்டைத் தொட்ட நரி, கீரி, காகம், கழுகு, ஊர் நாய் எல்லாம் அங்கேயே விழும்.

இந்த விடயத்தில் இலங்கைக்கு உலகத்துக்கே சொல்லிக்கொடுக்கத் தக்க அனுபவம் இருக்கிறது. அது விலங்குகளுக்காக வந்ததல்ல. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு பதிவாளரை நியமித்து, எந்த மருந்து கடைக்கு வரலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அவரிடம் கொடுத்தது. 1984இல் பரதயோன் போயிற்று. 1995இல் மொனோகுரோட்டபொஸ், மெதமிடொபொஸ் உட்பட மிகக் கொடிய வகுப்பில் மிஞ்சியிருந்தவை போயின. 1998இல் எண்டோசல்பான். 2008 முதல் 2011 வரை பராகுவாட், டைமெதொயேட், பென்தியன். 1990களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்றாக இருந்த நம் தற்கொலை வீதம் அடுத்த பத்தாண்டில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மனிதர்களின் துன்பம் பாதியாகிவிடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நஞ்சு மாறியது, அவ்வளவே. அதனால் நெல் விளைச்சல் விழவும் இல்லை. ஒன்றொன்றாக ஆராய்ந்து, மாற்று மருந்து இருக்கிறதா என்று பார்த்து நீக்கியதே அதற்குக் காரணம். 2021இல் எல்லா இரசாயனத்தையும் ஒரேயடியாக நிறுத்தி விவசாயியை நடுத்தெருவில் விட்ட முடிவோடு இதைச் சேர்த்துப் பேசக்கூடாது.

ஒரு மனிதரைக் கொல்ல முடியாத மருந்தால் ஒரு சிறுத்தையைக் கொல்வதும் கடினம். பதிவாளர் ஒரு போத்தலைக் கடைத் தட்டிலிருந்து இறக்கும்போது எத்தனை காட்டு உயிர்கள் தப்புகின்றன என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அடுத்த மருந்தைப் பரிசீலிக்கும்போது மனித உயிரோடு அதையும் கணக்கில் எடுக்க வேண்டும், வனஜீவராசிகள் திணைக்களத்தின் மிருக வைத்தியர்களையும் அந்த மேசையில் உட்கார வைக்க வேண்டும்.

நஞ்சைத் தடை செய்யலாம், பிரேக் வயரைத் தடை செய்ய முடியாது. அங்கே வேறு வழி வேண்டும். மாட்டுக்காரரின் கோபத்தைத் தணிக்க உலகில் கண்டுபிடித்தவை எளிமையானவை. யால ஓரத்தில் கன்றுகளை இரவில் அடைக்க இரும்புவலைப் பட்டிகள் கொடுக்கப்பட்டன. கன்று தப்பினால் சிறுத்தையும் தப்பும். கென்யாவில் ரிச்சர்ட் துரேரே என்ற மசாய்ச் சிறுவன் பழைய மின்கலத்தையும் உடைந்த டோர்ச் விளக்குகளையும் வைத்து, பட்டியைச் சுற்றி மாறி மாறி மின்னும் விளக்குகளைச் செய்தான். ஆள் நடமாடுகிறது என்று எண்ணிச் சிங்கங்கள் விலகின. குஜராத்தின் கிர் காட்டைச் சுற்றிச் சிங்கங்கள் சுவரில்லாத தோட்டக் கிணறுகளில் விழுந்து செத்தன, கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டினார்கள். குஜராத் முழுவதிலும் 2025 கணக்கெடுப்பில் 891 சிங்கங்கள். மலையகத்தில் இதற்கு ஈடாகச் செய்யக்கூடியது, லயத்து மரக்கறிப் பாத்திகளைக் கூட்டாகச் சுற்றி வளைக்கும் உறுதியான வேலி. அதற்கான பணத்தைக் கிழங்கு போட்ட அம்மாவிடம் கேட்க முடியாது. பெருந்தோட்டக் கம்பனிகளின் தலைமை அலுவலகங்கள் கொழும்பில்தான் இருக்கின்றன, தேயிலை ஏலமும் இங்கேதான் நடக்கிறது.

கம்பியில் மாட்டிய சிறுத்தையையோ ஊருக்குள் புகுந்த சிறுத்தையையோ கண்டால் என்ன செய்வது என்பதும் ஊருக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை ஏறத்தாழ பத்துப் பேரைக் காயப்படுத்தியது. மயக்கி அகற்றுவதற்குள் ஊரார் அதை அடித்துக் கொன்று படமும் எடுத்தார்கள். அன்று கடிபட்டவர்களின் பயம் உண்மையானது. உதவி வரத் தாமதமாகும்போது பயம்தான் தீர்ப்புச் சொல்லும். செய்ய வேண்டியவை சொற்பம்: வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைப்பது, ஆட்களை நூறு அடிக்கு அப்பால் நிறுத்துவது, சத்தத்தையும் கைபேசி வெளிச்சத்தையும் அடக்குவது, நாய்களைக் கட்டுவது. கம்பியை வெட்டப் போகவே கூடாது.

மற்றது வைத்தியரின் கையில். மத்திய மலைநாட்டுக்கு மயக்கத் துப்பாக்கியோடு வரும் மிருக வைத்தியக் குழு ரந்தெனிகலவில் இருந்து புறப்பட வேண்டும். வளைந்து வளைந்து ஏறும் மலைப் பாதையில் நல்லதண்ணியைச் சேர மணிக்கணக்காகும், அதற்குள் அந்தச் சிறுத்தையின் தசை உடையத் தொடங்கியிருக்கும். ஹட்டனிலேயே ஒரு வைத்தியர், ஒரு வாகனம், ஒரு கூண்டு, இரவும் பகலும் ஆள் வேண்டும். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை மூன்றுக்கும் அங்கிருந்து குறைந்த நேரத்தில் போய்விடலாம்.