மஞ்சள் பட்ட கட்டம்

கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்துக்கும் மண்டப முகவரிக்கும் கீழே கறுப்பு வெள்ளைச் சதுரம் ஒன்று அச்சாவது இப்போது சாதாரணமாகிவிட்டது. ஒரு வீட்டுப் பத்திரிகையில் அது மண்டபத்துக்கு வழி காட்டும். இன்னொரு வீட்டில் வெளிநாட்டு உறவினருக்கான நேரலைக்கு அழைத்துப் போகும். வேறொரு வீட்டில் மொய் அனுப்பும் வாசலாக இருக்கும். 2021 ஜனவரியில், கொரோனா கட்டுப்பாடுகளால் பலர் நேரில் வர முடியாத நாளில், மதுரையில் ஒரு குடும்பம் மொய்க்கான கியூஆர் கோடைப் பத்திரிகையிலேயே அச்சிட்டது. அது நாடு முழுவதும் செய்தியானது. அப்போது எழுந்த விவாதம் முழுக்க மொய் கேட்பது முறையா என்பதைப் பற்றியது. சதுரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி சதுரத்திடம்தான் இருக்கிறது. பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டுவதற்கு முன் நான்கு மூலையிலும் ஈர மஞ்சள் தடவுவது வழக்கம். அந்த மஞ்சள் சதுரத்தின் மேல் பட்டால் கோடு வேலை செய்யுமா?

பெரும்பாலும் செய்யும். பாதிக் காரணம் மஞ்சளின் நிறம்.

கியூஆர் கோடைப் படிக்கும் கைப்பேசிக்கு நிறம் தேவையில்லை. எந்தக் கட்டம் இருட்டு, எது வெளிச்சம் என்று தெரிந்தால் போதும். ஆகவே பொதுவாகப் படிப்பான்கள் வண்ணப் படத்தை முதலில் சாம்பல் படமாக மாற்றிக்கொள்கின்றன. பழைய தொலைக்காட்சித் தரத்திலிருந்து வந்த பங்கீடு ஒன்று இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது: பச்சைக்கு 59 பங்கு, சிவப்புக்கு 30, நீலத்துக்கு வெறும் 11. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் சுமார் 425 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது ஊதாவும் நீலமும் சந்திக்கும் இடத்தில்தான் ஒளியை விழுங்குகிறது. வெள்ளைத் தாளில் மஞ்சள் தடவினால் போவது நீலம் மட்டுமே. நூறு பங்கு வெளிச்சத்தில் அதிகம் போனால் பதினொன்று குறையும். மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் மஞ்சள், கைப்பேசிக்கு ஏறக்குறைய வெள்ளை. குங்குமம் அப்படியல்ல. அது பச்சையையும் நீலத்தையும் சேர்த்து விழுங்கிவிடுவதால் எழுபது பங்கு வரை போய்விடும்; வெள்ளைக் கட்டம் கறுப்பாகவே படிக்கப்படும். மஞ்சளிலும் குழைவு கெட்டியாக இருந்தால் கறுப்புக் கட்டத்தை மூடி வெள்ளையாகக் காட்டிவிடும். அந்த இடத்தில் நிறம் கைவிடுகிறது. மீதியைக் கணிதம் பார்த்துக்கொள்கிறது.

கணிதத்தால் காப்பாற்ற முடியாத பகுதியும் சதுரத்தில் உண்டு. மூன்று மூலைகளில் கட்டத்துக்குள் கட்டமாக இருக்கும் பெரிய கண்கள் அவை. கண் ஒன்றின் நடுவே எந்தத் திசையில் கோடு இழுத்தாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் மாறிமாறி வரும். கைப்பேசி தன் முன்னால் உள்ள காட்சி முழுவதிலும் இந்த விகிதத்தைத்தான் முதலில் தேடுகிறது. மூன்று கண்கள் கிடைத்துவிட்டால் சதுரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எது மேல்பக்கம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். கண் ஒன்று மறைந்தால் படிப்பு தொடங்குவதே கடினம். சதுரத்தைப் பத்திரிகையின் மூலையில் அச்சிடுவது அதனால்தான் தவறு. மஞ்சளும் மூலைக்குத்தான் வரும், கண்ணும் அங்கேதான் இருக்கும்.

கண்கள் தவிர்த்த மற்றப் பகுதியில் நடக்கும் வேலையைப் புரிந்துகொள்ளப் பத்திரிகையின் முதல் வரியே போதும். விசுவாவசு ஆண்டு, ஆவணி 29, 2025 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை என்று ஒரே நாள் மூன்று வகையாக எழுதப்படுகிறது. பல வீடுகளில் திதியும் நட்சத்திரமும் சேரும். அச்சகத்தில் 14 என்பது 15 ஆகிவிட்டால், ஆவணி 29 என்பதும் ஞாயிறு என்பதும் சேர்ந்து தவறைக் காட்டிக்கொடுத்து, சரியான தேதியையும் சொல்லிவிடும். செப்டம்பர் 15, ஞாயிறு என்று இரண்டு தகவல் மட்டும் இருந்திருந்தால் ஏதோ தவறு என்பது தெரியும். தவறு தேதியிலா கிழமையிலா என்பது தெரியாது. கூடுதலாகச் சொல்லப்பட்டது வீண் அல்ல. பிழை நேரும் நாளுக்கான சேமிப்பு அது.

இதையே எண்களில் செய்வது பந்தல் போடுவதைப் போன்றது. வாசலில் சரிவான பந்தலுக்கு வரிசையாக மூங்கில் கால்கள் நடப்படுகின்றன. கால்களின் உச்சியில் நூல் பிடித்தால் நேராக நிற்க வேண்டும் என்பது மட்டுமே விதி. முதல் கால் 5 அடி, இரண்டாவது 7 அடி என்றால், சம இடைவெளியில் நடப்படும் மூன்றாவது 9, நான்காவது 11 அடியாகத்தான் இருக்க முடியும். அனுப்ப வேண்டிய செய்தி 5, 7 என்ற இரண்டு எண்கள்தான். 9, 11 என்ற இரண்டும் அவற்றிலிருந்து பிறந்தவை. புதிதாக எதையும் சொல்லவில்லை. இனி மூன்றாவது காலை யாரோ வெட்டி 3 அடியாக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வந்து பார்ப்பவருக்குக் கிடைப்பது 5, 7, 3, 11. இதில் எந்த மூன்று கால்களை எடுத்து நூல் பிடித்தாலும் ஒன்றே ஒன்று தவிர மற்ற எந்தச் சேர்க்கையும் நேர்கோட்டில் நிற்காது. 5, 7, 11 மட்டும் நிற்கும். ஆகவே கெட்டது மூன்றாவது கால் என்றும், அது 9 அடி இருந்திருக்க வேண்டும் என்றும் தெரிந்துவிடுகிறது. எந்தக் கால் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. மற்றக் கால்களே சொல்லிவிட்டன. கியூஆர் கோடின் உயிர் இங்கே இருக்கிறது.

கணக்கும் கறாரானது. எந்தக் கால் கெட்டது என்று தெரியாத ஒரு பிழையைத் திருத்த இரண்டு உபரிக் கால்கள் வேண்டும்: கண்டுபிடிக்க ஒன்று, சரிசெய்ய ஒன்று. கால் விழுந்துகிடப்பது கண்ணுக்கே தெரிந்தால் ஒரு உபரிக் கால் போதும்.

இரண்டு எண்களுக்கு நேர்கோடு. மூன்று எண்களுக்கு ஒருமுறை வளையும் பந்தல். பத்திரிகைச் சதுரங்களில் வழக்கமாகக் காணப்படும் 29க்கு 29 கட்ட அளவை எடுத்துக்கொண்டால், நடுத்தரப் பாதுகாப்பு நிலையில் செய்திக்கு 44 எண்கள், உபரிக்கு 26 எண்கள், ஆக மொத்தம் 70. அப்படியென்றால் பந்தல் 43 படி கொண்ட வளைகோடாக ஏறி இறங்க வேண்டும், அதைத் தாங்க 70 கால்கள். இப்படி வளையும் மூங்கில் எந்த ஊரிலும் இல்லை. ஆனால் விதி மாறுவதில்லை. 26 உபரி என்பதால் 70இல் எந்த 13 எண்கள் கெட்டாலும் செய்தி ஓர் எழுத்துகூடக் குறையாமல் திரும்பி வரும்.

பந்தல் உவமைக்கு ஒரு சிக்கல் உண்டு. வளைகோடு ஏறினால் கால்கள் வானத்துக்குப் போய்விடும். சில கால்களுக்குப் பின்ன அளவு வரும். சதுரத்திலோ ஒவ்வொரு எண்ணும் எட்டுக் கட்டங்களுக்குள், அதாவது 0 முதல் 255க்குள் அடங்க வேண்டும். இதற்காக எல்லா விடைகளும் அந்த 256 எண்களுக்குள்ளேயே விழும் தனிக் கணக்கு ஒன்று பயன்படுகிறது. அதில் ஓர் எண்ணோடு அதே எண்ணைக் கூட்டினால் பூஜ்யம். பூஜ்யம் தவிர எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்கலாம். இருபது வயதில் 1832இல் துப்பாக்கிச் சண்டையில் இறந்த எவரிஸ்ட் கலுவா என்ற பிரெஞ்சு இளைஞர் வகுத்த கணிதம் இது. கியூஆர் கோடில் உபரி எண்கள், செய்தியை ஒரு நீண்ட கோவையாக எழுதி இன்னொரு கோவையால் வகுத்துக் கிடைக்கும் மீதியாகப் பெறப்படுகின்றன. வாசல் வேறு, வீடு ஒன்றுதான். பிழை தாங்கும் பலம் பந்தல் கணக்கில் கண்டதே.

இனி மஞ்சளுக்குத் திரும்பலாம். எண் ஒன்றுக்கு எட்டுக் கட்டங்கள்; அந்த எட்டும் பெரும்பாலும் இரண்டு கட்ட அகலம், நான்கு கட்ட உயரமுள்ள சிறு செங்கலாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கப்படுகின்றன. செங்கல்லின் ஒரு கட்டம் கெட்டாலும் ஒரு பிழை, எட்டும் கெட்டாலும் அதே ஒரு பிழை. இரண்டு சென்டிமீட்டர் சதுரத்தில் மிளகு அளவுக் கெட்டி மஞ்சள் விழுந்தால் சுமார் 26 கட்டங்கள் மறையும். ஆனால் அது தொடுவது ஏழெட்டுச் செங்கற்களைத்தான். பதின்மூன்று வரை தாங்கும் சதுரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே 26 கட்டங்கள் ஒரே இடத்தில் இல்லாமல், குங்குமத் தூள் தெறித்ததுபோலத் தரவுப் பகுதி முழுக்கச் சிதறிக் கெட்டால் இருபது செங்கற்களுக்கு மேல் பாழாகிவிடும். அப்போது திருத்தம் தோற்கும். பார்ப்பவருக்கு அப்பிய பொட்டு பெரிய சேதமாகவும் தூறல் சின்னச் சேதமாகவும் தெரியும். சதுரத்துக்கு நேர்மாறு. கறை, கிழிசல், மடிப்பு என்று நிஜ உலகத்தில் சேதம் பெரும்பாலும் ஒரே இடத்தில் கூட்டமாக வருகிறது என்பதை உணர்ந்து செய்யப்பட்ட ஏற்பாடு இது. இந்தத் தொழில்நுட்பத்தில் கொண்டாடத் தகுந்தது எது என்று கேட்டால், இதைத்தான் சொல்ல வேண்டும். விரல் நுனி முழுதாகப் பதிந்தால் மட்டும் பாதுகாப்பு எல்லையைத் தாண்டிவிடும்.

வரலாறு சுருக்கமானது. பிழை திருத்தும் முறையை 1960இல் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் இருவரும் ஒரு சிறிய கட்டுரையாக வெளியிட்டனர். 1982இல் வந்த குறுந்தகட்டில் கீறல்களைச் சமாளித்தது அதுதான். யுரேனஸ், நெப்டியூன் படங்களை வாயேஜர் 2 அனுப்பியபோது துணைநின்றதும் அதுதான். சதுரத்தை 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழு கார் உதிரிப்பாகங்களைக் கணக்கிட உருவாக்கியது. 1:1:3:1:1 என்ற விகிதத்தை அவர்கள் ஊகித்துச் சொல்லவில்லை. அச்சிட்ட தாள்களையும் அட்டைப் பெட்டிகளையும் அளந்து, மிக அரிதாக வரும் விகிதம் எது என்று பார்த்தே தேர்ந்தெடுத்தனர். காப்புரிமைப் பணம் கேட்பதில்லை என்று நிறுவனம் முடிவு செய்ததால் சதுரம் உலகெங்கும் பரவியது.

ஆக, ஸ்மார்ட் பத்திரிகை என்று விளம்பரம் செய்யப்படுவதன் உள்ளே இருப்பது அறுபது ஆண்டுக்கு மேல் பழைய கணிதமும் முப்பது ஆண்டுப் பழைய கட்டமும்தான். அது குறையல்ல. குறை, விற்பவர்கள் சொல்லாமல் விடும் இடங்களில் இருக்கிறது.

பிழை தாங்கும் அளவு நான்கு நிலைகளில் வருகிறது: ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீதம். பாதுகாப்பு கூடினால் செய்திக்கான இடம் குறையும், அல்லது கட்டங்கள் பெருகிச் சிறுத்துப்போகும். சதுரத்தின் நடுவில் பிள்ளையார் படமோ மணமக்கள் புகைப்படமோ வைத்து அழகாக்கித் தருகிறார்கள். அந்தப் படத்துக்கெனத் தனி இடம் எதுவும் இல்லை. படம் மூடும் கட்டங்கள் அத்தனையும் சேதமாகவே கணக்கில் சேரும். மஞ்சளுக்கு என்று இருந்த சேமிப்பைப் படம் முன்கூட்டியே செலவழித்துவிடுகிறது. அரக்குத் தாளில் தங்க ஃபாயில் அச்சும் ஆபத்தே. ஃபாயில் ஒரு கோணத்தில் பளபளக்கும், மறு கோணத்தில் இருண்டுபோகும். எது வெளிச்சம், எது இருட்டு என்ற அடிப்படையே ஆட்டம் காணும்.

பத்திரிகை வாசகம் முழுவதையும் சதுரத்துக்குள் அடக்கிவிடலாம் என்ற பேச்சுக்கும் எல்லை உண்டு. யூனிகோடின் வழக்கமான சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். கொம்பும் சுழியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். "திருமணம்" என்ற ஐந்தெழுத்துச் சொல்லுக்கு 24 பைட் வேண்டும். 177க்கு 177 கட்டமுள்ள மிகப் பெரிய சதுரமும், மிகக் குறைந்த பாதுகாப்பில், 2,953 பைட்தான் கொள்ளும். 984 தமிழ்க் குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். பெரும்பாலான பத்திரிகைச் சதுரங்களில் ஓர் இணைய முகவரி மட்டும் இருப்பதற்குக் காரணம் இது.

அந்த முகவரிதான் அடுத்த கவலை. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சந்தாவுக்குத் தரப்படும் சதுரங்களில் இருப்பது நடுவில் உள்ள ஒரு நிறுவனத்தின் முகவரி. சந்தா முடிந்தால் அச்சு பளிச்சென்று இருக்கும், பிழை திருத்தம் பிசகாமல் நடக்கும், திறக்கும் பக்கத்தில் மட்டும் எதுவும் இருக்காது. மொய்ச் சதுரத்தின் மேல் வேறொரு கணக்கின் சதுரத்தை ஒட்டினாலும் அதே நிலைதான். தாளில் நேர்ந்த சேதத்தை ரீட்–சாலமன் கணக்கு திருத்தும். ஏமாற்று அதன் கண்ணுக்குத் தெரியாது. பணம் போகும் முன் திரையில் வரும் பெயரை மனிதர்தான் படித்துப் பார்க்க வேண்டும்.

அச்சகத்தில் கேட்டு வாங்கவேண்டியவை சில. வெள்ளைத் தாளில் கறுப்பு மை. இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாத அளவு. சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம். பத்திரிகையின் மூலையிலிருந்து தள்ளிய இடம். சோதிப்பதற்கு மாதிரிப் படிவம் ஒன்றே போதும். அதில் மஞ்சளும் குங்குமமும் தடவி, காயவிட்டு, உறைக்குள் போட்டு எடுத்து, வீட்டில் உள்ள மிகப் பழைய கைப்பேசியால் டியூப் லைட் வெளிச்சத்தில் படித்துப் பார்த்த பிறகு மீதி ஆயிரத்தையும் அச்சுக்கு விடலாம்.