வில்லங்கச் சான்றிதழில் வராத கரையான்! - பழைய வீடு வாங்குபவர்கள் கவனத்துக்கு...

``இந்த நிலையைப் பாருங்கம்மா... ஆறு வருஷத்துக்கு முன்னாடி கரையான் தின்னு தீர்த்துடுச்சு. அடியோட மாத்தியிருக்கேன்.''

வீடு காட்ட வந்த பெரியவர் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். எனக்கும் என் கணவருக்கும் முகம் மாறிவிட்டது. சென்னைப் புறநகரில் எங்கள் பட்ஜெட்டுக்குள் ஒரு தனி வீடு தேடி, நாலைந்து மாத ஞாயிற்றுக்கிழமைகளை அலைந்தே கழித்திருந்தோம். கிணறு, வேப்பமரம், நல்ல காற்று என எல்லாம் பிடித்திருந்தும், தெருமுனை தாண்டுவதற்குள், ``கரையான் வீடு நமக்கு வேண்டாம்'' என்று முடிவெடுத்துவிட்டோம்.

அடுத்து பார்த்த வீடு பளிச்சென்று இருந்தது. புது பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. ``கரையானா... இந்த வீட்லயா?'' என்று சிரித்தார் உரிமையாளர். அட்வான்ஸுக்குப் பணம் எடுத்து வைத்தாயிற்று. எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று தெரிந்த ஆசாரி அண்ணனை அழைத்துப் போனோம். அவர் சமையலறைக் கதவு நிலையின் அடிப்பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். பாதிக் கம்பி உள்ளே போய்விட்டது. பெயின்ட்டுக்குப் பின்னால் மரம் இல்லை, மண்தான் இருந்தது.

அந்த வீட்டின் தாய்ப்பத்திரம் சரியாக இருந்தது. வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருந்தது. ஆனால், எந்தச் சான்றிதழிலும் கரையான் வராது. கடன் கொடுக்கும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்ப்பது வீட்டின் மதிப்பை. ஒவ்வொரு நிலையையும் தட்டிப் பார்ப்பது அவர் வேலை கிடையாது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

கடைசியில் நாங்கள் வாங்கியது, அந்தப் பெரியவரின் வீட்டை. நம் ஊர் மண்ணில் கரையான் எட்டிப் பார்க்காத பழைய வீடு கிடைப்பது அபூர்வம். `ஒரு காலத்தில் கரையான் வந்தது' என்பதற்காக ஒரு வீட்டை ஒதுக்கத் தேவையில்லை. எந்த வழியாக வந்தது, எவ்வளவு தின்றது, அந்த வழி அடைக்கப்பட்டதா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் தைரியமாக விலை பேசலாம். பதில் கிடைக்கவில்லை என்றால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

ஈரம் இருக்கும் இடத்துக்கு வரும்

கரையான் புற்றெடுக்க, கருநாகம் குடிபுகுந்த கதை நமக்குத் தெரியும். வீட்டு விஷயத்தில் அது தலைகீழ். நாம் கட்டுகிறோம், கரையான் குடிவருகிறது.

வீடுகளில் பெரும்பாலும் தொல்லை தருவது மண்ணில் வாழும் கரையான். மரத்திலும் காகிதத்திலும் இருக்கும் செல்லுலோஸ்தான் அதன் உணவு. உடல் மென்மையானது என்பதால் வெயிலும் வறண்ட காற்றும் அதற்கு ஆகாது. அதனால்தான் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் குழாய் கட்டி, அதற்குள்ளேயே போய் வருகிறது. கான்கிரீட்டை அது தின்னாது. ஆனால் தரையில் விழுந்த விரிசல், பைப் நுழையும் துவாரம், வயர் போகும் குழாய் என எந்தச் சிறு இடைவெளி வழியாகவும் மேலே ஏறிவிடும். மாடி வீட்டிலும் கரையான் வருவது இப்படித்தான்.

கசியும் பாத்ரூம் பைப், சுவரோரம் சொட்டும் ஏ.சி தண்ணீர், சுவரை ஒட்டிய பூச்செடிப் பாத்தி, புதைந்துபோன மரக்கட்டை... கரையான் வந்த வீட்டில் இவற்றில் ஒன்றாவது இருக்க வாய்ப்பு அதிகம். மருந்து அடித்துவிட்டு, கசிவை அப்படியே விட்டிருந்தால் அந்த வைத்தியம் அரைகுறைதான்.

வீடு பார்க்கப் போகும்போது...

ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர். இவை போதும். முடிந்தால் ஆசாரி ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். மரத்தைக் குத்திப் பார்க்கும் முன் உரிமையாளரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.

* நிலை, ஜன்னல் சட்டங்களை அடியிலிருந்து மேல்வரை தட்டிப் பாருங்கள். நல்ல மரம் `டக் டக்' என்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். அரித்த மரம் வெற்று டப்பா போல ஒலிக்கும். தரையைத் தொடும் முதல் அரை அடி மிக முக்கியம்.

* பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் அடுத்த சுவர்களைக் கவனியுங்கள். சிங்க்குக்கு அடியில் இருக்கும் கப்போர்டைத் திறந்து, அதன் பின்பலகையைத் தொட்டுப் பாருங்கள்.

* பரண், மாடிப்படிக்கு அடியில் உள்ள இடம், மீட்டர் பெட்டி, சுவரோடு பதித்த அலமாரி ஆகியவற்றில் டார்ச் அடித்துப் பாருங்கள். பென்சில் தடிமனில் மண் கோடு ஓடுகிறதா?

* ஜன்னல் திட்டிலோ, அறை மூலையிலோ ஈசல் இறக்கைகள் குவிந்து கிடக்கின்றனவா? இறக்கை முளைத்த கரையான்தான் ஈசல். மழைக்குப் பின் தெருவிளக்கைச் சுற்றும் ஈசலைப் பார்த்து பயப்பட வேண்டாம். வீட்டுக்குள் சுவரிலிருந்தோ, நிலையிலிருந்தோ ஈசல் கிளம்பினால்தான் கவலை.

* வீடு முழுக்கப் பழைய பெயின்ட், ஒரு சுவரில் அல்லது ஒரு நிலையில் மட்டும் புதுப் பூச்சு என்றால், காரணம் கேளுங்கள்.

* மரத்தூளைக் கண்டால் அதை உற்றுப் பாருங்கள். குண்டூசி அளவு ஓட்டைகளும், மாவு போன்ற தூளும் இருந்தால் அது மரத்தை உளுக்க வைக்கும் வண்டாக இருக்கலாம். ரவை போலக் குருணையாக இருந்தால் காய்ந்த மரத்திலேயே வாழும் இன்னொரு வகைக் கரையானாக இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு, ஓட்டு வீடு என்றால் கூடுதல் கவனம் தேவை. அங்கே கூரையைத் தாங்குவதே மர உத்தரமும் சட்டங்களும்தான். கான்கிரீட் வீட்டில் நிலை போனால் செலவு. இங்கே உத்தரம் போனால் ஆபத்து. சுவருக்குள் நுழையும் உத்தரத்தின் முனைகளைக் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு சோதிக்காமல் முடிவெடுக்காதீர்கள்.

பழைய கோடா, புதிய கோடா?

மண் கோடு தெரிந்தால் இரண்டு அங்குல நீளத்துக்கு உடைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். உடைந்த இடம் ஈர மண்ணால் அடைபட்டிருந்தால் கரையான் இன்னும் வேலையில் இருக்கிறது. அடைபடவில்லை என்றால் பழைய கோடாக இருக்கலாம். ஆனாலும் `போய்விட்டது' என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வேறு வழியில் போயிருக்கவும் கூடும். ஆகவே, ஒரு கோட்டை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

கூச்சப்படாமல் கேளுங்கள்

கரையான் எந்த வருடம் வந்தது, எந்த அறையில் தொடங்கியது, எதையெல்லாம் மாற்றினீர்கள், யார் மருந்து அடித்தார்கள், பில் இருக்கிறதா, வாரன்டி மிச்சமிருந்தால் அது புது உரிமையாளருக்கும் செல்லுமா? பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கரையானுக்குக் காம்பவுண்டு சுவர் கணக்கில்லை.

நேர்மையாகப் பதில் சொல்வது விற்பவரின் பெருந்தன்மை மட்டுமில்லை, சட்டப்படி அவர் கடமையும்கூட. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவு இதைச் சொல்கிறது. சொத்தில் இருக்கும் முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை விற்பவர் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அது மோசடியாகக் கருதப்படும்.

ஆனால், கண்ணுக்குத் தெரிகிற குறையைப் பார்க்காமல் விட்டால் பொறுப்பு நம்முடையது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்திட்டாலும் நிலைமை மாறும். `உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்' என்ற வரி இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கரையான் பற்றி விற்பவர் வாயால் சொன்னதை விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். உண்மை சொல்பவர் தயங்க மாட்டார்.

விலையும் மருந்தும்

சேதம் தெரிந்துவிட்டால் அதை விலையில் பேசலாம். மருந்துக்கு ஒன்று, தச்சு வேலைக்கு ஒன்று, கசிவு சரிசெய்து பூசி பெயின்ட் அடிக்க ஒன்று என மூன்று எஸ்டிமேட் வாங்குங்கள். `கரையான் இருக்கு, குறைச்சுக்கோங்க' என்பதைவிட, கையில் இருக்கும் எஸ்டிமேட்டுக்கு மதிப்பு அதிகம்.

கட்டி முடித்த வீட்டுக்குக் கரையான் மருந்து செலுத்தும் முறையை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி விளக்குகிறது. தரையும் சுவரும் சேரும் இடத்தில், சுமார் 30 செ.மீ-க்கு ஒன்றாக 12 மி.மீ. துளையிட்டு, மருந்துக் கரைசலை மண்ணுக்குள் இறக்கி, துளையை அடைப்பார்கள். மேலாக ஸ்பிரே அடித்துவிட்டுப் போவதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதும் கண்ணில் படும் கரையானை மட்டுமே கொல்லும்.

வீட்டில் கிணறு இருந்தால் மருந்து அடிக்க வருபவரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள். கிணற்றிலும் சம்பிலும் மருந்து இறங்கிவிடக் கூடாது. கட்டில், பீரோ ஏற்றுவதற்கு முன், வீடு காலியாக இருக்கும்போதே இந்த வேலையை முடிப்பது நல்லது. குழந்தைகள், கர்ப்பிணிகள், வளர்ப்புப் பிராணிகள் அன்று அங்கே இருக்க வேண்டாம். மருந்தின் பெயர், அளவு, அடித்த தேதி எல்லாம் பில்லில் இருக்கட்டும். நாளை நீங்கள் விற்கும்போது அந்த பில் உதவும்.

புது நிலை போடுவதாக இருந்தால் வைரம் பாய்ந்த மரமாகப் பார்த்து வாங்குங்கள். தேக்கிலும்கூட, நடுவில் இருக்கும் வைரப் பகுதிதான் கரையானைத் தாங்கும்; ஓரத்து வெள்ளைப் பகுதியை அது விடாது. பிளைவுட்டில் `வாட்டர் ப்ரூஃப்' என்று இருந்தால் `கரையான் ப்ரூஃப்' என்று அர்த்தமில்லை. அதையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

குடிபோன பிறகும்...

நாங்கள் குடிபோன இரண்டாவது ஐப்பசி மழையில், பின்பக்க அறையின் பரணுக்குக் கீழே மெல்லிய மண் கோடு ஒன்று தெரிந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் கணவர் பெரியவருக்கு போன் போட்டார். ``பாத்ரூம் பக்கத்துச் சுவர்தானே... அங்க பழைய பைப்பு ஒண்ணு போகுது. ஜாயின்ட்டைப் பாருங்க'' என்றார். பிளம்பர் உடைத்துப் பார்த்தபோது ஜாயின்ட் கசிந்திருந்தது. பைப்பை மாற்றி, அந்தச் சுவரோரம் மட்டும் மறுபடி மருந்து இறக்கினோம். பரணிலிருந்த பழைய அட்டைப்பெட்டிகளில் ஒன்று போயிற்று. மரம் எதுவும் போகவில்லை.

இப்போது வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வருகிறோம். அட்டைப்பெட்டிகளைத் தரையில் வைப்பதில்லை. சுவரை ஒட்டிய செடிகளைத் தொட்டிக்கு மாற்றிவிட்டோம். பெரியவர் கொடுத்த பழைய பில்லும், எங்கள் புது பில்லும் வீட்டுப் பத்திரத்தோடு ஒரே ஃபைலில் இருக்கின்றன.